19 வயதுக்குப் பிறகு நம் பிள்ளை எங்கே போவது?



ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வரும்போது நம் சமுதாயமே பரபரப்பாகிவிடுகிறது. யாருக்கு எத்தனை ஏ, யாருக்கு மெட்ரிகுலேசன் இடம் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகிறது. மறுக்கப்பட்ட இடத்துக்காக நாம் குரல் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே ஆண்டில், அதே பள்ளியின் ஒரு மூலையில் இருக்கும் சிறப்புக் கல்வி வகுப்பிலிருந்தும் நம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாராவது கேட்டோமா? எந்தத் தலைவராவது அறிக்கை விட்டாரா?

பெரும்பாலும் அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறார்கள். வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இதை விதி என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். நான் சொல்கிறேன், இது விதியல்ல. திட்டமிடாததால் வரும் விளைவு. திட்டமிட வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு, அரசாங்கத்துக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. பிள்ளைக்கு 14 வயது ஆகும்போதே அந்த வேலையைத் தொடங்க வேண்டும். 19 வயதில் தொடங்கினால் அது மிகவும் தாமதம்.

பள்ளி முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது?

சிறப்புக் கல்வி மாணவர்கள் இடைநிலைப் பள்ளியில் பொதுவாக 19 வயது வரை இருக்கலாம். அதுவரை பிள்ளைக்குக் காலையில் எழுந்து சீருடை போட ஒரு காரணம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட ஆசிரியர் இருக்கிறார். கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் வரை உதவித்தொகை கொடுக்கிறது. பல வீடுகளில் அந்தப் பணம்தான் பள்ளி வேனுக்குப் போகிறது.

பள்ளி முடிந்த மறுநாள் வேன் வராது. அந்த 150 ரிங்கிட்டும் நின்றுவிடும். இதுவரை பிள்ளை கல்வி அமைச்சின் பொறுப்பு. இனி உதவித்தொகைக்குச் சமூக நல இலாகாவிடமும் வேலைக்கு மனிதவள அமைச்சின் கீழ் உள்ள இலாகாக்களிடமும் போக வேண்டும். ஓர் அமைச்சு கதவைச் சாத்தினால் இன்னொன்று தானாகக் கதவைத் திறக்காது. பிள்ளையின் கோப்பை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியது நீங்கள்தான். அந்த நடையைப் பற்றி உங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அதன் பிறகு? பிள்ளையைத் தனியே விட முடியாது என்று அம்மா தொழிற்சாலை வேலையை விடுகிறார். இரண்டு சம்பளம் ஒன்றாகிறது. அப்பா ஓவர்டைம் பார்க்கிறார். பள்ளியில் கற்ற சமையலும் தையலும் காசு எண்ணும் பழக்கமும் ஓராண்டில் மறந்துபோகின்றன. பெண் பிள்ளையாக இருந்தால் கதவு இன்னும் இறுக்கமாகப் பூட்டப்படுகிறது. பயம் நியாயமானது. ஆனால் 20 வயதில் பூட்டிய கதவு 50 வயதிலும் பூட்டியே இருந்தால், அது பாதுகாப்பா, சிறையா?

தோட்டத்தில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏதோ ஓர் இடம் இருந்தது. மாடு மேய்ப்பான், கோயிலில் தண்ணீர் இறைப்பான், லயத்தில் பத்துக் கண்கள் அவனைப் பார்த்துக்கொள்ளும். அது பொற்காலமல்ல. அவனுக்குச் சம்பளமும் இல்லை, படிப்பும் இல்லை. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு அந்தப் பத்துக் கண்களும் இல்லை. பத்தாவது மாடி, அடிக்கடி பழுதாகும் மின்தூக்கி, பூட்டிய இரும்புக் கதவு, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. இதுதான் இன்று நம்மில் பலர் வீட்டுக் கதை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 (சட்டம் 685) இருக்கிறது. அதன் 28ஆவது பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. பாலர் பள்ளி முதல் உயர்கல்வி வரை மட்டுமல்ல, தொழிற்பயிற்சியும் வாழ்நாள் கல்வியும் அதில் அடங்கும். 29ஆவது பிரிவு வேலை பெறும் உரிமையைப் பற்றியது. 2010இல் மலேசியா மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்ற கொள்கையும் நடப்பில் இருக்கிறது.

அப்படியென்றால் குறை எங்கே? இரண்டு இடங்களில்.

ஒன்று, சட்டம் 685இல் உரிமை இருக்கிறது, ஆனால் மீறுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. அது மட்டுமா? நல்லெண்ணத்தில் செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மீதும் அமைச்சர் மீதும் வழக்குப் போட முடியாது என்று 41ஆவது பிரிவு காப்பு கொடுக்கிறது. நாட்டின் அரசியலமைப்புச் சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது அதன் 8(2) விதி. பால் என்ற சொல்கூட 2001இல்தான் சேர்க்கப்பட்டது. உடற்குறை, மனவளர்ச்சிக் குறை என்ற சொற்கள் இன்றுவரை அதில் இல்லை. ஐ.நா. உடன்படிக்கையைக் காட்டி மட்டும் இங்குள்ள நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது. அதை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.

இரண்டு, பள்ளியில் சேர்ப்பதைப் பற்றிப் பேசும் கொள்கை, பள்ளியை விட்டு அனுப்புவதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டம், மாணவருக்கு 16 வயது ஆகும்போது அவரது தனிக் கல்வித் திட்டத்தில் பள்ளிக்குப் பின் என்ன என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் சிறப்புக் கல்வி மாணவருக்கு ஆர்.பி.ஐ. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. வேலைக்கு மாறுவதற்கான பயிற்சித் திட்டமும் கல்வி அமைச்சிடம் இருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளியில் அது உயிரோடு இருக்கிறது, எந்தப் பள்ளியில் கோப்பில் தூங்குகிறது என்பது ஆசிரியரின் அக்கறையையும் பெற்றோரின் விழிப்பையும் பொறுத்தே அமைகிறது. விழிப்பாக இருக்க நேரமும் மொழியும் படிப்பும் உள்ள பெற்றோரின் பிள்ளைக்குத் திட்டம் கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு?

நமக்கு ஏன் இது கூடுதல் சுமை?

இது எல்லா இனத்து ஏழைகளுக்கும் உள்ள துன்பம்தான். கம்போங்கில் இருக்கும் மலாய்க்கார மீனவருக்கும் ஒராங் அஸ்லி குடும்பத்துக்கும் இதே கதைதான். ஆனால் நமக்கென்று சில கூடுதல் தடைகள் உள்ளன.

முதலாவது மொழி. 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் சிலவற்றில்தான் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதிக்கிறார்கள். பிள்ளை பதில் சொல்லவில்லை. அவனுக்குப் புரியவில்லையா, மொழி தெரியவில்லையா? இரண்டும் வேறு வேறு. ஆனால் அறிக்கையில் ஒன்றாகிவிடுகிறது. அந்த அறிக்கைதான் பிறகு அவன் எந்தப் பயிற்சிக்குத் தகுதி என்பதை முடிவு செய்யும்.

இரண்டாவது பத்திரம். ஓகேயு அட்டையோ, நல இலாகாவின் உதவித்தொகையோ, எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அடையாளக் கார்டு. பிறப்புப் பத்திரமே இல்லாத, திருமணப் பதிவு செய்யாத பெற்றோரின் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் குறைபாடும் சேர்ந்தால் இரண்டு பூட்டு.

மூன்றாவது நேரம். பள்ளிக் கூட்டம் காலை 10 மணிக்கு. அப்பா லோரியில், அம்மா இரவு ஷிப்ட் முடிந்து தூக்கத்தில். வரவில்லை என்றதும், இந்தியப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஒரு வரி எழுதப்படுகிறது. ஒரு நாள் சம்பளம் போனால் என்ன ஆகும் என்று எழுதியவர்களுக்குத் தெரியுமா?

நான்காவது தடை நமக்குள்ளேயே இருக்கிறது. முன்வினை என்கிறோம். அக்காவின் கல்யாணம் தடைபடும் என்று தம்பியை விருந்தாளிகளுக்குக் காட்டாமல் மறைக்கிறோம். ஓகேயு அட்டை எடுத்தால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறோம். அந்த அட்டை ஒரு சாவி. அது இல்லாமல் கீழே நான் சொல்லப்போகும் கதவுகளில் பெரும்பாலானவை திறக்காது.

எந்த வயதில் என்ன செய்ய வேண்டும்?

13, 14 வயது: பத்திரங்கள். பிறப்புப் பத்திரம், மைகார்டு, ஓகேயு அட்டை மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஓகேயு பதிவுக்குக் கட்டணம் இல்லை. அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக் மருத்துவர் பாரத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பிறகு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அல்லது இணையம் வழி பதியலாம். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உள்ளன. சரியான பிரிவில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ அறிக்கை, மனோவியல் அறிக்கை, பள்ளி அறிக்கை எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு ஒரே கோப்பில் வையுங்கள். பிறப்புப் பத்திரச் சிக்கல் இருந்தால் இன்றே தொடங்குங்கள். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

15, 16 வயது: எழுத்தில் ஒரு திட்டம். ஆர்.பி.ஐ. கூட்டத்துக்கு உங்களை அழைக்கும்படி பள்ளிக்குக் கடிதம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடும். கடிதம் கோப்பில் இருக்கும். மலாய் எழுத வராவிட்டால் படித்த பிள்ளையையோ அருகில் உள்ள இயக்கத்தாரையோ எழுதச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வேலை முடிந்த நேரத்தைக் கேளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அங்கே இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்:

1. என் பிள்ளையால் இன்று துணையில்லாமல் என்ன செய்ய முடியும்?
2. அவன் அல்லது அவளுக்கு எதில் விருப்பம்? அதைப் பிள்ளையிடமே கேட்டீர்களா?
3. பள்ளி முடிந்ததும் மேற்படிப்பா, தொழிற்பயிற்சியா, வேலையா, பகல்நேர மையமா? எது நோக்கம்?
4. அதற்காக இந்த ஆண்டு என்ன கற்பிக்கப் போகிறீர்கள்?
5. வெளியே ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ பழகிப் பார்க்க எப்போது அனுப்புவீர்கள்?
6. யார் பொறுப்பு? அவர் மாற்றலாகிப் போனால் யார்?

பதில்களை எழுதி, ஒரு நகலை உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆசிரியருடன் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. நல்ல சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். பெற்றோர் கேட்டார்கள் என்ற எழுத்து, மேலிடத்தில் வளம் கேட்க அவர்களுக்கும் ஆயுதம்.

பிள்ளை எஸ்.பி.எம். எழுதப்போகிறது என்றால் கூடுதல் நேரம், பெரிய எழுத்து, பிரெயில், வினாத்தாளைப் படித்துக்காட்டும் துணை போன்ற சலுகைகளைப் பள்ளி வழி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஒன்றும் நடக்காது.

இதே காலத்தில் வீட்டிலும் ஒரு பள்ளி நடக்க வேண்டும். தானே குளிப்பது, துணி துவைப்பது, கடைக்குப் போய் மீதிக் காசு வாங்குவது, பேருந்து ஏறுவது, கைப்பேசியில் அழைப்பது. தன் உடலை யார் தொடலாம், யார் தொடக் கூடாது, தொட்டால் யாரிடம் சொல்வது என்பதை ஆண், பெண் இருபாலருக்கும் சொல்லிக்கொடுங்கள். செல்லம் கொடுத்து எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது அன்புபோலத் தோன்றும். நமக்குப் பிறகு யார் செய்வார்கள்?

17, 18 வயது: கதவுகளைத் தட்டிப் பாருங்கள். பள்ளியில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். பள்ளியை விட்ட பிறகு உங்களுக்காகக் கடிதம் எழுத ஆள் இருக்க மாட்டார்.

என்னென்ன கதவுகள்?

படிப்பில் தேறிய பிள்ளைக்கு: பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி. செவிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனித் திறன் சான்றிதழ் வகுப்பு நடத்தும் பாலிடெக்னிக்குகள் உள்ளன. உயர்கல்வி அமைச்சின் பி.கே.ஓகேயு உதவி, கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரிங்கிட் வரையும் மாதச் செலவுக்கு 300 ரிங்கிட்டும் என்று அமைந்தது. கடன் வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கைத்தொழிலுக்கு: ஷா ஆலம், ஜொகூரின் இண்டாபுரா, கெடாவின் மெர்போக் ஆகிய இடங்களில் சிறப்புக் கல்வித் தொழிற்கல்வி இடைநிலைப் பள்ளிகள் உள்ளன. இவை பள்ளிப் பருவத்திலேயே சேர வேண்டியவை. 19 வயதில் போய்க் கேட்டுப் பயனில்லை. உடற்குறை உள்ள இளைஞர்களுக்குச் சமூக நல இலாகாவின் தொழிற்பயிற்சி, மறுவாழ்வு மையம் பாங்கியில் இருக்கிறது.

வேலைக்கு: சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் ஓகேயு என்று குறிப்பிட்டுப் பதியுங்கள். ‘ஜாப் கோச்’ வேண்டும் என்று நல இலாகாவில் கேளுங்கள். 2005இல் தொடங்கிய ஜப்பானிய உதவித் திட்டத்தின் வழி இங்கே வேரூன்றிய முறை இது. ஜாப் கோச் முதல் சில வாரங்கள் பிள்ளையோடு வேலையிடத்துக்குப் போவார். வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் காட்டுவார். மேற்பார்வையாளருக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் பிள்ளையை எப்படி நடத்துவது என்று சொல்வார். பிள்ளை பழகியதும் மெல்ல விலகிக்கொள்வார். வேலை கிடைத்து மூன்றே நாளில் நின்றுவிடும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் குறைந்தது திறமையல்ல, இந்தத் துணைதான்.

அரசாங்க வேலையில் 1 விழுக்காடு மாற்றுத் திறனாளிகளுக்கு என்ற கொள்கை 1988 முதலே உண்டு. 2010இல் சுற்றறிக்கையாகவும் உறுதி செய்யப்பட்டது. அந்த 1 விழுக்காடு எட்டப்படவே இல்லை. விண்ணப்பிக்காமல் இருந்தால், ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சாக்கை நாம் கொடுக்கக் கூடாது.

வெளிவேலை முடியாத பிள்ளைக்கு: பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள். 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய இத்திட்டம் இன்று நாடு முழுவதும் 500க்கு மேற்பட்ட மையங்களாக வளர்ந்திருக்கிறது. பயிற்சிக்கு வருபவருக்கு மாதம் 150 ரிங்கிட் ஊக்கத்தொகை உண்டு. கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் நல இலாகாவின் ‘பெங்கெல் டாயா’ பட்டறைகள் உள்ளன. அங்கு நம் பிள்ளைகள் குறைவு என்றால், தெரியாததும் போக்குவரத்து இல்லாததும்தான் காரணம்.

சம்பளத்தில் ஏமாறாதீர்கள்

“உங்கள் பையனுக்கு வேலை கொடுத்ததே பெரிசு, சம்பளம் என்ன கேட்கிறீர்கள்?” இதைக் கேட்டுத் தலைகுனிந்து வந்த பெற்றோர் பலரை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். ஓகேயு தொழிலாளிக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்கலாம் என்று அந்த ஆணையில் எந்த விதியும் இல்லை. ‘பயிற்சி’ என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் 300, 400 கொடுத்து முழுநாள் வேலை வாங்கினால் அது உதவியல்ல, சுரண்டல். சொக்சோவும் இ.பி.எஃப்.பும் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் காசு வேண்டாம், வழக்கறிஞரும் வேண்டாம்.

குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஓகேயுவுக்கு நல இலாகாவின் மாத உதவித்தொகை உண்டு. 2021இல் அது 450 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வேலை செய்ய முடியாதவருக்கான உதவி அதே ஆண்டில் 300 ரிங்கிட் ஆனது. வருமான வரம்பும் தொகையும் மாறக்கூடியவை. ஆகவே போகும்போது இப்போதைய கணக்கைக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

நமக்குப் பிறகு?

எல்லாப் பெற்றோரும் மனத்துக்குள் கேட்டு, வாய்விட்டுக் கேட்கப் பயப்படும் கேள்வி இது. மூன்று காரியங்களைச் செய்துவையுங்கள்.

ஒன்று, சொக்சோ சந்தா கட்டிய பெற்றோர் இறந்தால் பிள்ளைகளுக்கு வரும் மாத ஓய்வூதியம் சாதாரணமாக 21 வயதில் நிற்கும். உழைத்துப் பிழைக்க இயலாத குறைபாடுள்ள பிள்ளைக்கு அது தொடரலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். இது தெரியாமல் உரிமையை விட்டுவிடக் கூடாது.

இரண்டு, இ.பி.எஃப்.பில் யார் பெயரை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் வைத்த பெயர் இன்னும் இருக்கலாம்.

மூன்று, 18 வயதில் உங்கள் பிள்ளை சட்டப்படி பெரியவர். பணத்தையும் சொத்தையும் நிர்வகிக்க இயலாத நிலை இருந்தால், மனநலச் சட்டம் 2001இன்படி உயர் நீதிமன்றம் ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்க முடியும். ஆனால் அவசரப்பட்டு இதைச் செய்யாதீர்கள். தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளையின் உரிமையை நாமே பறித்ததாகிவிடும். சட்ட உதவி இலாகாவிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ முதலில் ஆலோசனை கேளுங்கள்.

நாம் அரசாங்கத்திடம் கேட்பது

தனிக் குடும்பம் தனியே ஓடி ஓடிக் களைத்துப்போகும். இவை சட்டமாகவும் கொள்கையாகவும் மாற வேண்டும்:

1. சிறப்புக் கல்வி மாணவர் ஒவ்வொருவருக்கும் 15 வயதுக்குள் பள்ளிக்குப் பின்னான திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கல்விச் சட்ட விதிகளில் சேர்க்க வேண்டும். நகல் பெற்றோருக்குக் கொடுக்கப்பட வேண்டும்.
2. பள்ளியை விடுவதற்கு ஓராண்டுக்கு முன்பே மாணவரின் கோப்பைப் பள்ளியே நல இலாகாவுக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் ஒப்படைக்க வேண்டும்.
3. தமிழ் பேசும் பிள்ளையைச் சோதிக்கும்போது தமிழ் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும்.
4. பள்ளியை விட்ட மாணவர்கள் ஓராண்டுக்குப் பின் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கை, இன வாரியாகவும் ஆண், பெண் வாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.
5. சட்டம் 685இன் 41ஆவது பிரிவை நீக்கி, மீறுவோருக்குத் தண்டனையும் எளிய மக்கள் போகக்கூடிய தீர்ப்பாயமும் கொண்டுவர வேண்டும். 8(2) விதியில் மாற்றுத் திறனாளிகளைச் சேர்க்க வேண்டும்.
6. இந்தியச் சமுதாயத்துக்காக ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்று அறிவிக்கப்பட்ட மித்ரா நிதியில் ஒரு பகுதி, இந்தப் பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் தமிழ் தெரிந்த ஜாப் கோச்சுகளை உருவாக்கவும் ஒதுக்கப்பட வேண்டும்.

நம் சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளிக்கு ஒரு சக்கர நாற்காலி, அரிசி மூட்டை, பக்கத்தில் நின்று ஒரு படம். நன்றி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் உணவகத்தில், அச்சகத்தில், பூக்கடையில், கோயில் அலுவலகத்தில் ஒரு பிள்ளைக்கு முறையான சம்பளத்தோடு ஒரு வேலை கொடுங்கள். அது அந்தக் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும்.

இந்த வாரமே செய்யுங்கள்

பெற்றோர்களே, 14 வயதுக்கு மேற்பட்ட சிறப்புத் தேவையுள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே ஒரு கோப்பு வாங்கி எல்லாப் பத்திரங்களையும் அதில் போடுங்கள். அடுத்த வாரம் பள்ளிக்குக் கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதே வகுப்பில் உள்ள மற்ற பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் பேசுங்கள், எந்த இனமாக இருந்தாலும் சரி. ஐந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு வேன் எடுக்கலாம். பத்துக் குடும்பம் சேர்ந்து போனால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். பதில் வராவிட்டால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சுஹாகாமிடமும் கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளை இல்லாவிட்டாலும் உங்கள் மாடியில், உங்கள் தாமானில் ஒரு பிள்ளை இருக்கும். அந்தக் கதவைத் தட்டி, இதைப் படித்துக் காட்டுங்கள். நாம் கேட்பது பிச்சையல்ல. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த உரிமையைத்தான் கேட்கிறோம்.